மீன் லாரி ஓட்டுநருக்கு எழுதப்படும் சலான்: பணம் கட்டிவிட்டால் தீர்ந்ததா?

பாம்பன் காற்று:

வணக்கம். ராமேஸ்வரத்திலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மீன் லோடு ஏற்றிப் போகிறேன். தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மாதச் சம்பளம், பி.எஃப்., வாரத்தில் ஒருநாள் விடுப்பு. வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். திருப்தி என்றார்கள். பிறகு அலுவலகத்தில் இருந்தவர் என் லைசென்ஸ் எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். இரண்டு சலான்கள் வந்தன. ஒன்று, பரமக்குடிப் பக்கம் நிறுத்தி எழுதிய அதிவேக வழக்கு. மற்றொன்று ஓவர்லோடு. இரண்டுக்கும் பணம் கட்டப்பட்டது என்று திரையிலேயே இருக்கிறது. இருந்தும், "யோசித்துச் சொல்கிறோம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள்.

பணம் கட்டிய பிறகும் அது ஏன் என் தலையில் நிற்கிறது? வண்டியின் பெயரில் கேமரா சலான்கள் வேறு வந்து கிடக்கின்றன, அவையும் என் கணக்கில் சேருமா? லோடு ஏற்றியது வியாபாரி, நேரம் குறித்தது வியாபாரி. வழக்கு மட்டும் ஓட்டுநர் பெயரில் வருகிறதே, இதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

வாலிநோக்கம் பழைய ஹெவி:

தம்பி, நான் உப்பு லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, இப்போது மகன் ஓட்டுகிறான். அந்தக் காலத்தில் கேஸ் எழுதினால் கோர்ட்டில் போய் நின்று கட்டிவிட்டு வருவோம். ரசீதை சட்டைப் பையில் வைத்தால் தீர்ந்தது. பட்டணம்காத்தான் சந்திப்பைத் தாண்டினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இப்போது எல்லாம் எண்ணோடு போகிறது. ஆனாலும் லாரி ஓட்டுகிறவனுக்குச் சலான் விழாமல் இருக்குமா? அந்தக் கம்பெனி இல்லையென்றால் இன்னொன்று. கவலைப்படாதே.

சேதுக்கரை வழக்கறிஞர்:

பெரியவர் ஆறுதலாகச் சொன்னார், ஆனால் "கட்டினால் தீர்ந்தது" என்பது இன்று சரியில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் மாவட்டத்து ஓட்டுநர்கள் இது தெரியாமலேயே லைசென்ஸை இழக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதைப் பெரிய அளவில் திருத்தியது 2019-இல். அபராதம் ஏறியதைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசினார்கள். தமிழ்நாட்டில் அந்த உயர்ந்த தொகைகள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. கவனிக்க வேண்டியது 200ஆம் பிரிவில் சேர்த்த வரிகளை. அந்தப் பிரிவுதான் இடத்திலேயே இணக்கக் கட்டணம் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வழி தருகிறது. 2019-க்குப் பிறகு, கட்டணம் கட்டியிருந்தாலும் அந்தக் குற்றம் "முன்பு ஒருமுறை செய்தது" என்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அடுத்த முறை அதே குற்றம் என்றால் இரண்டாவது முறைக்கான தண்டனை. அத்துடன், கட்டணம் கட்டியதால் லைசென்ஸ் மீதான நடவடிக்கை நின்றுவிடாது. பணம் ஒரு கணக்கு, லைசென்ஸ் வேறு கணக்கு.

அந்த இரண்டாவது கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல் போன்றவற்றில் போலீஸ் அதிகாரி 206(4) பிரிவின்படி லைசென்ஸை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பலாம். கையில் ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். ஆவணம் வாங்கிக்கொண்டு தரும் மற்றச் சீட்டுகளைப் போல இதை நினைத்து வண்டியை எடுக்காதீர்கள். 206(4)-இல் தரும் சீட்டு வண்டி ஓட்ட அனுமதி தராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஏலக்கூடத்தில் லோடு காத்திருக்கிறதே என்று அந்தச் சீட்டுடன் ஏறி ஓட்டுவது நடக்கிறது. அது புதிய வழக்கு.

பிறகு 19ஆம் பிரிவு. ஆர்.டி.ஓ. லைசென்ஸைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். எந்தச் செயல்களுக்கு என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆம் விதி சொல்கிறது. சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, அதிவேகம் எல்லாம் அதில் உண்டு. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-இல், அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், சரக்கு வண்டியில் அதிக பாரம், அதில் ஆள் ஏற்றுதல், குடித்து ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் என்று ஆறு குற்றங்களுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸை நிறுத்தும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் இரண்டு சலான்களும் இந்த ஆறுக்குள் வருகின்றன, தம்பி. அந்தக் கம்பெனிக்காரர் தயங்கியதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கேமரா சலான் வேறு. அது வண்டி எண்ணை வைத்து ஆர்.சி. உரிமையாளருக்குப் போகிறது. ஓட்டியவர் யார் என்று கேட்டால் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் தர வேண்டிய கடமை 133ஆம் பிரிவின்படி உரிமையாளருடையது. அவர் உங்கள் பெயரைக் கொடுத்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்காதவரை அது வண்டியின் கணக்கு.

மண்டபம் கூண்டு வண்டி:

நான் வண்டி வைத்திருப்பவன். ஓட்டுநர்கள் பேசும் இடத்தில் உரிமையாளர் பக்கத்தையும் கேளுங்கள். லைசென்ஸ் நிறுத்தப்பட்டிருப்பது தெரியாமல் ஒருவரை வண்டியில் ஏற்றி, வழியில் ஒரு விபத்து என்றால் என்ன ஆகிறது? செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வாங்கும். அந்தத் தொகைக்கு வண்டியை விற்றாலும் காணாது. நிறுத்தப்பட்ட லைசென்ஸோடு ஓட்டினால் ஓட்டுநருக்கு 182ஆம் பிரிவு, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ. ஓட்டவிட்ட எனக்கு 180ஆம் பிரிவு. அதனால் ஆள் வைக்கும்போது லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கிறோம். ஓட்டுநர் மேல் பகையில்லை.

இன்னொன்று. வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப் போனால், நிலுவையில் உள்ள சலான் எல்லாவற்றையும் கட்டிவிட்டு வா என்கிறார்கள். எங்கேயோ ஒரு நகரத்தில் சீட் பெல்ட் போடாததற்கு வந்த ஆயிரம் ரூபாய்க்காக வண்டி நாள்கணக்கில் ஷெட்டில் நிற்கிறது. அந்த நாள்களின் வாடகை போகிறது. அதை ஓட்டுநருக்குத் தரும் படிக்காசில் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், நான் பிடிப்பதில்லை.

பாம்பன் காற்று:

ஐயா, வழக்கறிஞர் ஐயா, மிக்க நன்றி. எங்கள் முதலாளி படியில் பிடித்தார். அதைவிட எனக்கு ஆறாதது ஓவர்லோடு. எப்படி வந்தது என்று சொல்கிறேன். வியாபாரி மீன் பெட்டியை மட்டும் எண்ணி, "பாரம் சரியாகத்தானே இருக்கிறது" என்பார். ஐஸை யாரும் எண்ணுவதில்லை. இந்த வெயிலில் கொல்லம் வரை மீன் கெடாமல் போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட மீன் அளவுக்கு ஐஸ் போட வேண்டும். பெட்டிக்குள் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன், மேலே மறுபடியும் ஐஸ், பெட்டிகளுக்கு இடையில் கொட்டிய ஐஸ் வேறு. ஐஸ் உருகி வழியெல்லாம் குழாயில் தண்ணீராக ஒழுகிப் போகிறது. கொல்லத்தில் எடை போட்டால் வண்டி சுத்தமாக இருக்கும். ஆனால் எடை மேடைக்குக் கூப்பிடுவது ராமநாதபுரம் தாண்டியதுமே. அப்போதுதான் வண்டி முழுப் பாரத்தோடு இருக்கிறது.

வாலிநோக்கம் பழைய ஹெவி:

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. உப்பிலும் இதுதான். மழைக்காற்று அடித்த மறுநாள் அள்ளிய உப்பும் காய்ந்த உப்பும் ஒரே எடை நிற்குமா? பாத்தியோரத்தில் நின்றுகொண்டு மூட்டை எண்ணிக்கையை மட்டும் சொல்வார்கள். வண்டி ஏறி அமர்ந்ததும் ஸ்பிரிங் பட்டை படுத்திருப்பதைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்துவிடும். சொன்னால், "உனக்கு முடியாதென்றால் வேறு ஆள் இருக்கிறான்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இந்தக் கடற்கரை முழுக்க ஓவர்லோடு ஓடுகிறது.

சேதுக்கரை வழக்கறிஞர்:

இந்த இடத்தில்தான் சட்டம் ஓட்டுநர் பக்கம் நிற்கிறது, யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 194ஆம் பிரிவு, அதிக பாரத்துடன் "ஓட்டுபவர்" என்று மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் சொல்கிறது. இருபதாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரமும் அபராதம். மூன்று டன் கூடுதல் என்றால் 26,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் சேரும், இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது. நிறுத்தாமல், எடை போட மறுத்துப் போனால் நாற்பதாயிரம். எனவே எடை மேடைக்கு வா என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள்.

194ஆம் பிரிவின் இந்த வரியை எல்லா ஓட்டுநரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிக பாரத்தோடு ஓட்டச் சொன்னவர், அனுமதித்தவர் மீதும் அந்தப் பிரிவு பாயலாம்.

அதிவேகத்துக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. 183ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. குறிப்பிட்ட நேரத்துக்குள் பயணத்தை முடிக்க வேண்டும் என்று ஒருவர் உத்தரவிட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போய்ச் சேர முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்ததற்கு முதல்நிலைச் சான்று. கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையிலான அந்த அபராதம் உத்தரவு போட்டவர் மீதும் விழலாம். "விடியற்காலை ஏலத்துக்கு முன்னால் வண்டி நிற்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்களே, அதை அழிக்காதீர்கள். ஏற்றி முடித்த நேரத்தையும் எழுதி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சான்று.

மண்டபம் கூண்டு வண்டி:

வழக்கறிஞர் ஐயா, நேரம் குறிப்பது நான் இல்லையே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வண்டிக்குத் தவணை மட்டும் நிற்காது. தடை முடிந்து முதல் மீன்பாடு கரைக்கு வரும்போது எல்லா வியாபாரியும் ஒரே நேரத்தில் வண்டி கேட்பார்கள். படகு கரையேறத் தாமதமானாலும் கேரளத்தில் சந்தை நேரம் மாறாது. நடுவில் தொலைந்த நேரத்தை ரோட்டில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நான் முடியாது என்றால் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார்கள். எனக்கும் அதே பயம்தான்.

தொண்டி லாரிக்காரர் வீடு:

நான் ஓட்டுநரின் மனைவி. அண்ணன் சொல்லும் பயம் புரிகிறது. ஆனால் உங்கள் பயத்துக்கு விலை கொடுப்பது எங்கள் வீடு. என் கணவருக்கு மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தினார்கள். வியாபாரி அதே வாரமே வேறு ஓட்டுநரை ஏற்றினார். அபராதத் தொகையைக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். மூன்று மாதம் படி இல்லாமல் இருப்பதை எதைக்கொண்டு கட்டுவது? ஓட்டுநருக்கு வேறு தொழில் தெரியாது. ஏலக்கூடத்தில் பெட்டி தூக்கப் போனார். திரும்பி வந்து லைசென்ஸ் கையில் கிடைத்தபோது அவருடைய பழைய வண்டியில் இடம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்கு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததே எங்களுக்குத் தெரியாது. லைசென்ஸில் இருந்தது என் மாமியார் வீட்டு முகவரி, அங்கே இப்போது யாரும் இல்லை. பதில் சொல்ல ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

சேதுக்கரை வழக்கறிஞர்:

அம்மா, நீங்கள் சொன்னதுதான் பெரும்பாலான குடும்பங்களில் நடக்கிறது. 19ஆம் பிரிவின்படி லைசென்ஸை நிறுத்தும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், அது கட்டாயம். நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். எடைச் சீட்டு, லோடு ரசீது, யார் ஏற்றச் சொன்னார் என்ற விவரம், குடும்பத்தின் நிலை எல்லாவற்றையும் எழுதுங்கள். அபராதம் கட்டிய ரசீதை மட்டும் நீட்டினால் போதாது. உத்தரவு வந்துவிட்டாலும் அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். லைசென்ஸில் உள்ள முகவரியையும் செல்போன் எண்ணையும் இன்றே சரிபாருங்கள். பத்துப் பேரில் எத்தனை பேருடைய எண் இப்போது வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அபாயகரமாக ஓட்டுதல் என்ற 184ஆம் பிரிவில் சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் செல்போன் வைத்துப் பேசுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது எல்லாம் 2019-இல் சேர்க்கப்பட்டன. அந்தப் பிரிவில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், பின்னால் ஒரு நாள் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்தில் அதே குற்றச்சாட்டுடன் வழக்கில் சிக்கினால், 21ஆம் பிரிவின்படி தீர்ப்புக்கு முன்பே லைசென்ஸ் நிறுத்தப்படும். "ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போவோம், வேலை கெடுகிறது" என்று அவசரப்படுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கீழக்கரை – துபாய்:

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே டிரெய்லர் ஓட்டுகிறேன். நம் ஊரில் 2019 திருத்தம் வந்தபோதும் புள்ளிக் கணக்கு வரவில்லை. இங்கே கரும்புள்ளி முறை. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும், முதல் தடவை மூன்று மாதம் வரை. எந்தக் குற்றத்துக்கு எத்தனை புள்ளி, என் கணக்கில் இப்போது எத்தனை என்று செல்போனிலேயே தெரியும். கடுமைதான், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து ஓட்டலாம். ஊரில் இருக்கும் தம்பிகளுக்கு அந்தத் தெளிவு இல்லை. எந்த அலுவலகம் எப்போது நோட்டீஸ் அனுப்பும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பாம்பன் காற்று:

காக்கா, இங்கேயும் பார்க்க முடிகிறது, இன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். இ-சலான் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் போட்டால் என் பெயரில் உள்ளவை வருகின்றன. வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் போட்டால் வண்டியின் மேல் உள்ளவை தனியாக வருகின்றன. கேமரா சலான் எதிலும் என் லைசென்ஸ் எண் இல்லை. லைசென்ஸ் விவரம் காட்டும் அரசின் சாரதி தளத்தில் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது என்றே காட்டுகிறது.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த இரண்டும் ஆயுள் முழுக்க நிற்குமா?

சேதுக்கரை வழக்கறிஞர்:

கம்ப்யூட்டரில் பழைய சலான் வரலாறாகத் தெரியலாம். ஆனால் லைசென்ஸில் நீதிமன்றம் குறித்த பதிவு நிரந்தரமில்லை. 25ஆம் பிரிவின்படி, கடைசிப் பதிவுக்குப் பிறகு தொடர்ந்து மூன்றாண்டு புதிய பதிவு இல்லையென்றால் பதிவுகள் இல்லாத லைசென்ஸ் பெற உரிமை உண்டு. வேக வரம்பை மீறியது மட்டும் என்றால் ஓராண்டு போதும். உங்கள் வழக்குகள் இடத்திலேயே இணக்கக் கட்டணத்தில் முடிந்தவை என்பதால் லைசென்ஸில் பதிவே இருக்காது என்று எண்ணுகிறேன், எதற்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். லைசென்ஸ் நடப்பில் உள்ளது, 19ஆம் பிரிவில் எந்த நோட்டீஸும் வரவில்லை, இரண்டு சலான்களும் எந்தத் தேதியில், எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்று நேராகச் சொல்லுங்கள். அந்த லோடின் எடைச் சீட்டு நகலும் இணைப்பில் இருக்கட்டும். மறைத்து, அவர்களாகக் கண்டுபிடித்தால் மதிப்பு போய்விடும். நீங்களே எடுத்து வைத்தால் நிதானமாகப் பார்ப்பார்கள்.

மண்டபம் கூண்டு வண்டி:

தம்பி, எடைச் சீட்டு உன் முதலாளியிடம்தான் இருக்கும், கேட்டு வாங்கு. தர மறுத்தால் எந்த எடை மேடை என்று சொல், அங்கே எனக்குப் பழக்கம் உண்டு. நகல் எடுத்துத் தருகிறேன்.

தொண்டித் தங்கைக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கணவர் இப்போது வண்டி இல்லாமல் இருந்தால் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள். என் வண்டியில் இனி லோடு சீட்டில் மீன் எடை, ஐஸ் எடை இரண்டையும் எழுதி, ஏற்றி முடித்த நேரத்தைப் போட்டு, வியாபாரி கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவி. நாலைந்து உரிமையாளர்களிடம் பேசியிருக்கிறேன், இருவர் சரி என்றார்கள். எல்லோரும் கேட்டால் வியாபாரி வேறு வண்டிக்கு எங்கே போவார்?

வாலிநோக்கம் பழைய ஹெவி:

உப்பு வண்டிக்காரர்களிடம் நான் பேசுகிறேன். சாயல்குடிப் பக்கம் ஆறேழு பேர் என் சொல்லைக் கேட்பார்கள்.

தொண்டி லாரிக்காரர் வீடு:

திங்கட்கிழமை வருவார் அண்ணன். லைசென்ஸில் முகவரியும் மாற்றிவிட்டோம், புது அட்டை வந்ததும் நகல் கொண்டுவருவார்.